தன்னைக் குண்டு என்று நினைக்காத பெண்ணுக்கும் அனோரெக்ஸியா வருமா?

தாமிரபரணிக்கரை எழுதியது:

அக்காள் மகளைப் பற்றி எழுதுகிறேன். வயது 17, இந்த ஜூன் மாதம் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போயிருக்கிறாள். எங்கள் ஊர் திருநெல்வேலிக்குப் பக்கம். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்ததிலிருந்து இரவுச் சாப்பாட்டை விடத் தொடங்கினாள். கேட்டால், வயிறு கல் மாதிரி இருக்கிறது, மதியம் சாப்பிட்டதே இன்னும் இறங்கவில்லை என்பாள். பிறகு சனிக்கிழமை விரதம் என்றாள். அதனுடன் செவ்வாயும் வெள்ளியும் சேர்ந்துகொண்டன. இந்த வயதில் இவ்வளவு பக்தியா என்று அவளுடைய ஆச்சிக்குப் பெருமை. இப்போது ஏழாவது மாதம். ஐந்து மாதமாக மாதவிடாய் இல்லை. கடந்த மே மாத வெயிலில், நாங்கள் எல்லோரும் விசிறிக்கடியில் கிடந்தபோது, அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காசநோய்க்கான பரிசோதனை, தைராய்டு, வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோபி என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. எதிலும் குறையில்லை என்றார்கள். வாயு மாத்திரையும் சத்து டானிக்கும் கொடுத்தார்கள். மூன்று முறை குளுக்கோஸ் ஏற்றினார்கள். மந்திரித்துக் கயிறும் கட்டினோம். சென்ற வாரம் பார்த்த பொது மருத்துவர், இது அனோரெக்ஸியா என்ற, உணவை மறுத்து உடல் மெலியும் மனநோயாக இருக்கலாம், மனநல மருத்துவரிடம் காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. அது மேல்நாட்டில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு, விளம்பர அழகியைப் பார்த்து வருகிற நோய் என்கிறார்.

எனக்கும் குழப்பமாகத்தான் இருக்கிறது. இவள் ஒருநாளும் தன்னைக் குண்டு என்று சொன்னதில்லை. கண்ணாடி முன்னால் நிற்பதும் இல்லை. “எனக்கும் சாப்பிட ஆசைதான் சித்தி, இறங்க மாட்டேன் என்கிறது” என்று அழுகிறாள். இன்னொன்றும் புரியவில்லை. வீட்டில் எல்லோருக்கும் அவளே சமைக்கிறாள், சமையல் வீடியோக்களை மணிக்கணக்கில் பார்க்கிறாள், எங்களை உட்காரவைத்துப் பரிமாறி, இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்று வற்புறுத்துகிறாள். அவள் தட்டில் மட்டும் ஒன்றும் இருக்காது. இது அந்த நோய்தானா?

நிர்வாகி எழுதியது:

இந்த இழையில் பங்கேற்பவர்கள் எடை எண்களையும் கலோரிக் கணக்குகளையும் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இதே துன்பத்தில் இருக்கும் ஒருவர் இதைப் படிக்கும்போது அந்த எண்கள் அவருக்குப் போட்டியாக மாறக்கூடும்.

நாடிக்குறிப்பு எழுதியது:

நான் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் மனநல மருத்துவராகப் பணியாற்றுகிறேன். பார்க்காமல் நோயை உறுதி செய்ய எவராலும் முடியாது. ஆயினும் நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் அந்தப் பொது மருத்துவர் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றியது.

குண்டாகிவிடுவோம் என்ற அச்சம் இல்லாத அனோரெக்ஸியா உண்டா என்பதே உங்கள் கேள்வி. உண்டு. ஹாங்காங்கைச் சேர்ந்த மனநல மருத்துவர் சிங் லீயும் அவருடன் பணியாற்றியவர்களும் 1993-இல் தங்களிடம் வந்த 70 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 41 பேரிடம் அந்த அச்சம் இல்லை. வயிறு உப்புகிறது, பசியில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்று உங்கள் பெண் சொல்வதையேதான் அவர்களும் சொன்னார்கள். 1995-இல் டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதியபோதும் இதே நிலைதான்: உணவு மறுப்பு, வாந்தி, மெலிவு, நின்றுபோன மாதவிடாய் எல்லாம் இருந்தன, தன் உடலைப் பெரிதாகக் காணும் திரிபு மட்டும் வெளிப்படையாக இல்லை.

இது கீழைநாட்டு விதிவிலக்கு என்றும் எண்ண வேண்டியதில்லை. 1873-இல் லண்டனில் வில்லியம் கல்லும் பாரிசில் சார்லஸ் லாசேக்கும் தனித்தனியே இந்த நோயை விவரித்தபோது, ஒல்லியாக இருக்கும் ஆசையை அவர்கள் காரணமாகக் காட்டவில்லை. லாசேக்கின் நோயாளிகள் உண்டபின் வரும் வயிற்று வேதனையைத்தான் சொன்னார்கள். தன் உடலைத் தவறாகக் காண்பதே இந்த நோயின் மையம் என்ற கருத்து மனநல மருத்துவர் ஹில்டே ப்ரூக் போன்றோரின் எழுத்துகளால் 1960-களுக்குப் பிறகே வேரூன்றியது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டு வரையறையும் தளர்ந்துவிட்டது. அச்சத்தை வாயால் சொல்ல வேண்டும் என்பதில்லை. எடை கூடவிடாமல் தடுக்கும் நடத்தை தொடர்ந்து இருந்தாலே போதும். உடல் தோற்றக் கவலை சிறிதும் இல்லாமல் உணவைத் தவிர்க்கும் இன்னொரு கோளாறும் அதே பதிப்பில் தனியாக வகுக்கப்பட்டது. உங்கள் பெண்ணுக்கு இருப்பது இரண்டில் எது என்பது நேரில் பேசிப் பார்த்துத்தான் தெரியும். அதைத் தெரிந்துகொள்ளும்வரை உடல் காத்திருக்காது என்பதே என் கவலை.

“இறங்கவில்லை” என்று அவள் சொல்வது பொய்யன்று. நெடுநாள் பட்டினி கிடந்தவரின் இரைப்பை மெல்லத்தான் காலியாகும். இரண்டு கவளம் உண்டாலும் மணிக்கணக்கில் நிறைந்ததுபோல் இருக்கும். உணவைக் குறைத்ததால் உப்புசம் வருகிறது, உப்புசம் வந்ததால் உணவு இன்னும் குறைகிறது. எண்டோஸ்கோபியில் இது தெரியாது. இதற்கு மருந்து பெரும்பாலும் உணவேதான். சில வாரங்கள் ஒழுங்காக உண்ட பிறகு இரைப்பை தன் வேகத்துக்குத் திரும்பிவிடுகிறது.

சமைத்துப் பரிமாறுவது பற்றிக் கேட்டீர்கள். 1944–45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள் அவர்கள். அழகு பற்றிய கவலை எதுவும் அவர்களுக்கு இல்லை. அவர்களும் சமையல் குறிப்புகளைப் படித்துச் சேர்த்தார்கள், ஒருவேளை உணவை மணிக்கணக்கில் நீட்டித்தார்கள், கோடையிலும் குளிர்கிறது என்றார்கள், எரிந்து விழுந்தார்கள், நண்பர்களிடமிருந்து விலகினார்கள். நாம் நோயின் குணம் என்றும் பெண்ணின் பிடிவாதம் என்றும் நினைப்பவற்றில் பெரும்பகுதி, பட்டினி எந்த மனித மூளைக்கும் செய்வதுதான். அவள் உங்களுக்குப் பரிமாறும்போது அவளுடைய பசிதான் பரிமாறுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அவசரமானது. எழுந்தால் தலை சுற்றுகிறதா, மயங்கி விழுந்தாளா, தரையில் குந்தியவள் கையூன்றாமல் எழ முடிகிறதா, பாதம் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 50-க்குக் கீழே இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 40-க்கு அருகில் என்றால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. ஈசிஜியும், பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் அளவுகளும் பார்க்க வேண்டும். இரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதை வைத்து மட்டும் எவரும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது, ஏனெனில் உடல் தன் சேமிப்பைக் கரைத்துக் கடைசிவரை இரத்த அளவுகளைக் காப்பாற்றிக்கொள்ளும்.

ஓலைச்சுவடி எழுதியது:

மருத்துவர் ஐயாவின் அவசரக் குறிப்புகளை நான் மறுக்கவில்லை; அந்தப் பெண்ணை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆனால் நோய்ப் பெயர் குறித்து ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் சமூகவியல் பயின்றவன்.

பிஜித் தீவின் நாத்ரோங்கா பகுதிக்கு 1995-இல்தான் தொலைக்காட்சி வந்தது. உடல் பருத்திருப்பதை வளமாகக் கருதிய சமூகம் அது; ஒருவருக்குப் பசி குறைந்தாலே “மதாகே” என்று பெயரிட்டுக் கவலைப்பட்டு மூலிகை கொடுப்பார்கள். ஆன் பெக்கர் என்ற மானிடவியலாளரும் அவர் குழுவினரும் அந்த ஆண்டும், மீண்டும் 1998-இலும் அங்குள்ள பள்ளி மாணவியரிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்தார்கள். உணவு குறித்த கவலைக்குரிய மனப்பாங்கு 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாக உயர்ந்திருந்தது. எடையைக் கட்டுப்படுத்த வாந்தி எடுப்பதாக முதல் முறை எவரும் சொல்லவில்லை. இரண்டாம் முறை 11.3 விழுக்காட்டினர் சொன்னார்கள். கரீபியக் கடலில் உள்ள குராசாவோ தீவில் 1990-களில் ஆராய்ந்தபோது, பெரும்பான்மையான கறுப்பின மக்களிடையே ஒருவருக்கும் அனோரெக்ஸியா காணப்படவில்லை. கலப்பின, வெள்ளையினச் சிறுபான்மையரிடம் மட்டும் அது இருந்தது.

ஆகவே இது பண்பாட்டில் விளைவது. நம் பண்பாட்டிலோ நோன்புக்கு வேறு பொருள் இருக்கிறது. காரைக்கால் அம்மையார் தசையை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார் என்று வணங்குகிறோம். கோயில்களில் எலும்பு தெரிய நிற்கும் அவரது திருமேனியைப் பார்க்கிறோம். இத்தாலியில் 1380-இல் 33 வயதில் உணவு துறந்து இறந்த கிறிஸ்தவப் புனிதர் சியன்னாவின் கேத்தரினையும் இப்படித்தான் போற்றினார்கள். இன்று அவருக்கு அனோரெக்ஸியா என்று எழுதுகிறார்கள். வேறு எந்த அதிகாரமும் தரப்படாத பெண்களுக்குத் தம் உடல் மீதான அதிகாரம் ஒன்றே மிஞ்சியிருந்தது. அதை நோய் என்று பெயரிடும்போது அவர்கள் எதை மறுத்தார்கள் என்று கேட்காமல் போய்விடுகிறோம். இந்தப் பெண் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு எதை மறுக்கிறாள் என்று யாராவது கேட்டார்களா?

வேப்பம்பூ எழுதியது:

இந்தத் தளத்தில் பத்து ஆண்டுகளாகப் படிக்கிறேன். எழுதுவது இதுவே முதல் முறை. எனக்கு இந்த நோய் இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில், விரதங்களுக்கு நடுவிலேயே அது வளர்ந்தது.

நானும் வயிறு சரியில்லை என்றுதான் சொன்னேன். நான்கு மாதம் மருத்துவரிடம் அதையே சொன்னேன். உண்மையில், ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் என் அம்மாவிடம், “பொண்ணுக்கு உடம்பு போட்டுடுச்சே, வரன் பார்க்கிற நேரமாச்சே” என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, அழகைப் பற்றிக் கவலைப்படுகிறவள் என்று பெயரெடுப்பதற்குப் பதிலாக வயிற்று நோயாளி என்று பெயரெடுப்பது எங்கள் வீட்டில் மரியாதையாக இருந்தது. எனவே ஒரு பெண் அச்சத்தைச் சொல்லவில்லை என்பதால் அச்சம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நிஜமாகவே அது இல்லாதவர்களும் இருக்கலாம். அவர்களுக்காக நான் பேச முடியாது.

ஓலைச்சுவடி அவர்களே, நோன்பைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். வருத்தமாக இருந்தது. விரதம் என்னைக் காப்பாற்றவில்லை. அது என்னை மறைத்தது. உணவை மறுத்தால் திட்டு விழும், விரதம் என்று சொன்னால் திருநீறு கிடைக்கும். கார்த்திகை, சஷ்டி, ஏகாதசி, சங்கடஹர சதுர்த்தி என்று நாட்காட்டியில் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டேன். என் பாட்டி ஆயுள் முழுவதும் ஏகாதசி இருந்தவர். அவருடைய விரதத்துக்கும் என்னுடையதற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் கண்டவரும் அவர்தான். ஏகாதசி இருந்தவர் துவாதசிக் காலையில் பாரணை செய்வார். அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய் என்று இலை போட்டு, பசித்து, ருசித்து உண்பார். எனக்குப் பாரணையே வராது. முறிக்க வேண்டிய வேளை நெருங்கும்போது எனக்குக் கை நடுங்கும். கோயிலில் நெய் வழியும் பொங்கலைத் தொன்னையில் கொடுத்தால் துப்பட்டா முனையில் மறைத்துக் கொண்டுவந்து மாட்டுத் தொட்டியில் போடுவேன். ஒருநாள் பாட்டி அதைப் பார்த்துவிட்டார். “பிரசாதத்தைக் கொட்டுகிறவள் எந்தச் சாமிக்கு விரதம் இருக்கிறாள்?” என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை; பயந்துபோய்க் கேட்டார். அன்றுதான் வீட்டில் இது பக்தி இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

நான் எதையும் மறுக்கவில்லை, ஐயா. தொடக்கத்தில் மறுத்திருக்கலாம். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு மறுத்தது நான் இல்லை. சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்து உட்காருவேன், கை தட்டுக்குப் போகாது. அதை எதிர்ப்பு என்று யாராவது அப்போது புகழ்ந்திருந்தால் நான் இறந்துபோயிருப்பேன்.

தாமிரபரணிக்கரை சகோதரிக்கு: விரதம் முடிந்த மறுநாள் காலையில் அவள் என்ன செய்கிறாள் என்று கவனியுங்கள்.

நாடிக்குறிப்பு எழுதியது:

வேப்பம்பூ எழுதியதற்குப் பிறகு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. பாரணை பற்றிய அந்தக் கேள்வியை இனி என் வெளிநோயாளர் பிரிவிலும் கேட்பேன்.

ஓலைச்சுவடி குறிப்பிட்ட பிஜி ஆய்வு மதிக்கத்தக்கது. ஆனால் இரண்டு முறையும் கேட்கப்பட்டவர்கள் வேறு வேறு மாணவியர், ஒவ்வொரு முறையும் அறுபது பேருக்குச் சற்றே அதிகம். அளக்கப்பட்டதும் மனப்பாங்குதான், மருத்துவர் உறுதி செய்த நோயன்று. மறுபக்கம், இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இந்த நோயில் பரம்பரைக்குக் கணிசமான பங்கு உண்டு என்று காட்டுகின்றன. 2019-இல் ஏறத்தாழ 17,000 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் நோயோடு தொடர்புடைய எட்டு மரபணு இடங்களைக் கண்டார்கள். இந்த நோயின் மரபணுப் பின்னணியில் ஒரு பகுதி வளர்சிதை மாற்றத்தோடும் தொடர்புடையது. பண்பாடு எத்தனை பேரை உணவைக் குறைக்கத் தூண்டுகிறது என்பது ஒன்று. குறைத்தவர்களில் யார் அதிலிருந்து திரும்ப முடியாமல் சிக்குகிறார்கள் என்பது இன்னொன்று. ஆயிரம் பெண்கள் ஒரே விரதத்தை இருக்கிறார்கள். ஒருத்தி மட்டும் வெளியே வர முடியாமல் நிற்கிறாள்.

காரைக்கால் அம்மையாருக்கோ கேத்தரினுக்கோ நோய்ப்பெயர் சூட்டும் உரிமை மருத்துவத்துக்கு இல்லை என்பதில் உங்களுடன் முழுமையாக உடன்படுகிறேன். அவர்களை நாம் பரிசோதித்ததில்லை.

குளுக்கோஸ் ஏற்றினார்கள் என்று படித்தது முதல் மனம் பதைத்துக்கொண்டிருக்கிறது. நீண்ட பட்டினியில் உடல் கொழுப்பை எரித்து வாழப் பழகிவிடுகிறது. அந்நிலையில் திடீரென்று சர்க்கரை உள்ளே போனால் இன்சுலின் பெருகி, இரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் செல்களுக்குள் இழுத்துவிடும். எலும்பிலும் தசையிலும் ஏற்கெனவே சேமிப்பு வற்றியிருப்பதால் இரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்து இதயத்துடிப்பு தடுமாறலாம், மூச்சுத் தசைகள் தளரலாம். தையமின் என்ற பி1 சத்தும் அந்நேரம் செலவாகித் தீர்ந்தால் மூளை பாதிக்கப்படும். இரண்டாம் உலகப்போர் முடிந்து முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர் உணவு கிடைத்த பிறகு இறந்ததைக் கண்டுதான் மருத்துவம் இதைக் கற்றது. ஆகவே சோர்ந்த பெண்ணுக்கு ஒரு பாட்டில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பும் நம் ஊர் வழக்கம் இங்கே உதவாது. முதலில் தையமின் கொடுத்து, உணவைப் படிப்படியாக ஏற்றி, முதல் வாரத்தில் தினமும் இரத்தம் பார்க்க வேண்டும். பயந்துகொண்டு மிகக் குறைவாகவே ஊட்டிக்கொண்டிருப்பதும் அதே அளவு ஆபத்து. பொது மருத்துவரும் மனநல மருத்துவரும் உணவியல் வல்லுநரும் சேர்ந்து பார்க்கும் இடத்தில் சேருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த மூன்று துறைகளும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல் நோய்க்குத் தரும் காப்பீட்டை மனநோய்க்கும் அதே அடிப்படையில் தர வேண்டும்.

வன்னியூராள் எழுதியது:

நான் லண்டனில் வசிக்கிறேன். என் மகளுக்கு 15 வயதில் இது வந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வருகிற வருத்தம் என்று அத்தான் மட்டும் நினைக்கவில்லை; நாங்கள் முதலில் பார்த்த குடும்ப மருத்துவரும் ஆசியப் பிள்ளை என்பதால் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. இரும்புச்சத்து மாத்திரைதான் தந்தார். இங்கே 19 வயதுக்குட்பட்டவர்களுக்கு அவசரமானால் ஒரு வாரத்திலும், இல்லாவிட்டால் நான்கு வாரத்திலும் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று 2016 முதல் ஒரு கால எல்லை வைத்திருக்கிறார்கள். ஆனால் யாராவது சந்தேகப்பட்டுக் கடிதம் எழுதினால்தானே அந்த நான்கு வாரம் தொடங்கும்? எங்களுக்கு ஏழு மாதம் வீணாயிற்று.

பிறகு கிடைத்தது, லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான குடும்ப சிகிச்சை. அதன் முதற்கட்டத்தில், என்ன உண்பது, எவ்வளவு, எப்போது என்பதைப் பெற்றோர் முழுதாகக் கையில் எடுக்க வேண்டும். இரண்டாவதில் பிள்ளையிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறோம். மூன்றாவதில்தான் படிப்பு, நட்பு, வயது பற்றிய பேச்செல்லாம். “ஏன் வந்தது” என்று முதல் நாள் கேட்டேன். காரணம் தேடுவதைத் தள்ளி வையுங்கள், இன்று இரவு என்ன சமைக்கப் போகிறீர்கள் என்று சிகிச்சையாளர் திருப்பிக் கேட்டார். புட்டு, பால் சொதி, முட்டைப் பொரியல் என்றேன். இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பால் விடுங்கள் என்றார்.

பிள்ளைக்குச் சாப்பாடு ஊட்டுவது எங்கள் சனத்துக்குத் தெரியாததா என்று நினைத்தேன். தெரியவில்லை. நாங்கள் கெஞ்சினோம், அழுதோம், சத்தியம் வாங்கினோம், அடுத்த வீட்டுப் பிள்ளையை உதாரணம் காட்டினோம். இவற்றை எல்லாம் விட்டுவிட்டு, குரலை உயர்த்தாமல், “இது உனக்கு மருந்து, முடிக்கும்வரை நான் பக்கத்தில் இருக்கிறேன்” என்று மட்டும் சொல்லிக்கொண்டு இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருப்பதைப் படிக்க வேண்டியிருந்தது. நோய் வேறு, மகள் வேறு என்று பிரித்துப் பார்க்கச் சொன்னார்கள். அவள் தட்டைத் தள்ளும்போது அதைச் செய்வது நோய் என்று நினைத்தால் கோபம் கொஞ்சம் இறங்கும்.

மிகக் கடினமாக இருந்தவர் என் அம்மா. அவர் 2009-இல் வன்னியில் கடைசி மாதங்களில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர். “நாங்கள் பசியில் கிடந்து செத்தம், இவள் சோத்தைத் தள்ளுறாள்” என்று ஒருநாள் கத்திவிட்டார். மகள் இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சிகிச்சையாளர் அம்மாவையும் அழைத்தார். பட்டினி உடம்பை என்ன செய்யும் என்று இந்த அறையில் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும், பேத்திக்குச் சொல்லுங்கள் என்றார். பசி ஒரு கட்டத்தில் அடங்கிப்போகும் என்றும், பிறகு சோற்றைக் கண்டாலே வயிறு பயப்படும் என்றும், முகாமில் முதல் வாரம் கரண்டி கரண்டியாகத்தான் உண்ண முடிந்தது என்றும் அம்மா சொன்னார். மகள் அவ்வளவு நாளும் எங்களோடு இங்கிலீஷில் மட்டும் பேசிக்கொண்டிருந்தவள். அன்று அம்மம்மாவிடம் தமிழில், “அப்ப எப்பிடி அம்மம்மா திரும்பச் சாப்பிட்டனீங்கள்?” என்று கேட்டாள்.

பதினொரு மாதம் ஆனது. இடையில் ஒருமுறை சறுக்கினாள். இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

பல் மருத்துவர் திருச்சி எழுதியது:

சுருக்கமாக ஒன்று. வாந்தியைப் பற்றி ஒரு பெண் சொல்லாவிட்டாலும் மேல் முன்பற்களின் உட்பக்கம் சொல்லிவிடும். அமிலம் பட்டு எனாமல் வழவழவென்று தேய்ந்திருக்கும். கன்னத்தின் பின்பகுதி இருபுறமும் வீங்கியிருக்கும். இவர்களில் பலர் இயல்பான எடையில் இருப்பதால் வீட்டில் எவருக்கும் சந்தேகம் வராது. மனநல மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல் 1979-இல் புலிமியா என்று தனியாகப் பெயரிட்டது இத்தகையவர்களைத்தான். பொட்டாசியம் இழப்பால் இதயம் பாதிக்கப்படும் ஆபத்து இவர்களுக்கும் உண்டு. வாந்தி எடுத்தவுடன் பல் துலக்க வேண்டாம், தண்ணீரால் கொப்பளித்தால் போதும் என்று நான் சொல்லும்போது சிலர் அழுதுவிடுகிறார்கள். பல ஆண்டுகளில் அவர்களிடம் யாரோ அதைப் பற்றி முதன்முதலாகத் திட்டாமல் பேசிய நேரம் அது.

ஓலைச்சுவடி எழுதியது:

வேப்பம்பூ அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் சாகக் கிடந்ததை நான் கருத்தாகப் பார்த்துவிட்டேன்.

ஆயினும் பண்பாட்டை ஒதுக்கிவிட முடியாது என்ற என் நிலைப்பாடு மாறவில்லை. அது இருக்கும் இடம் மாறியிருக்கிறது. நோயைக் கண்டறியப் பயன்படும் கருவிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகெங்கும் பயன்படுத்தப்படும் 26 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் கனடாவின் டொராண்டோவில் உருவானது. அதில் ஒரு கேள்வி, உணவைச் சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்கிறீர்களா என்பது. கையால் பிசைந்து உண்ணும் பெண் அதற்கு என்ன பதில் சொல்வாள்? சோற்றை நெடுநேரம் அளைந்துகொண்டிருக்கிறாயா, கவளத்தை மிகச் சிறிதாக உருட்டுகிறாயா, குழம்பை ஒதுக்கிவிட்டு ரசத்தை மட்டும் ஊற்றிக்கொள்கிறாயா என்றல்லவா கேட்க வேண்டும்? உணவு விஷயத்தில் தன்னடக்கத்துடன் இருக்கிறீர்களா என்பது இன்னொரு கேள்வி. விரதமிருக்கும் வீட்டுப் பெண் அதற்குப் பெருமையோடு ஆம் என்பாள். நோயில்லாதவளுக்கும் மதிப்பெண் ஏறும். அச்சம் உள்ளவளோ, வேப்பம்பூ சொன்னதுபோல், அதை மறைத்துவிடுவாள். 1990-களில் சென்னை மருத்துவர்கள் சிலர் இதை உணர்ந்து, மாணவர்களிடம் ஆய்வு செய்து நம் சூழலுக்கென்றே ஒரு கேள்வித்தாளை உருவாக்க முயன்றிருக்கிறார்கள். அந்த வேலை தொடர வேண்டும். வேப்பம்பூவின் பாட்டி கேட்ட கேள்வி அதில் இடம்பெற வேண்டும்.

மனநலப் பிரிவுக்குப் போனது ஊருக்குத் தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது என்ற அச்சம் அத்தானுக்கு இருக்கலாம் என்பதையும் யோசியுங்கள். “மேல்நாட்டு நோய்” என்று அவர் சொல்வதற்குள் அது ஒளிந்திருக்கக்கூடும்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். மருத்துவர் ஐயா எழுதியதைப் படித்த அன்றிரவே நாடியை எண்ணினேன். 44 இருந்தது. இரண்டாவது முறை அத்தானையே எண்ணச் சொன்னேன். மணிக்கட்டைப் பிடித்தவர் கையை விடவேயில்லை. காலையில் சேர்த்துவிட்டோம். பி1 ஊசி போட்ட பிறகுதான் உணவு தொடங்கினார்கள். மூன்றாம் நாள் பாஸ்பேட் இறங்கியது. அவர்கள் எதிர்பார்த்திருந்ததால் உடனே சரி செய்தார்கள். இப்போது நாடி ஐம்பதைத் தாண்டிவிட்டது. அத்தான் மனதில் இருந்தது ஓலைச்சுவடி ஐயா சொன்னதேதான். சேர்க்கும்போது வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகிறோம் என்று தெருவில் சொல்லிவிட்டு வந்தார். அதைத் திருத்த எனக்கு இப்போது மனமில்லை.

அவள் இன்னும் ஒல்லியாக வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. மனநல மருத்துவர் அம்மா அதைத் துருவவில்லை. தேர்வு முடிந்த மறுநாள் என்ன நடந்தது என்று மட்டும் ஒருமுறை கேட்டிருக்கிறார். அவள் பதில் சொல்லவில்லை, சொல்லத் தோன்றும்போது சொல் என்று விட்டுவிட்டார். வன்னியூராள் அக்கா எழுதியதை என் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கெஞ்சாமல் பக்கத்தில் உட்காருவதுதான் அவளுக்கு வரவில்லை. நான் முறை மாற்றி உட்காருகிறேன்.

அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது. வெள்ளிக்கிழமை விரதத்தை விடமாட்டேன் என்று பிள்ளை பிடிவாதமாக இருந்தாள். அம்மனுக்குக் குற்றமாகிவிடும் என்று அழுதாள். வீட்டில் யார் பேச்சும் எடுபடவில்லை. நேற்று ஆச்சி பஸ் ஏறி மருத்துவமனைக்கு வந்தார். ஊர்க் கோயில் பூசாரியிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். நோயாளிக்கும் பிள்ளைபெற்றவளுக்கும் விரதம் கிடையாது என்று அவர் சொன்னதையும், இந்த ஆடி முழுவதும் பேத்திக்குப் பதிலாகத் தானே இருப்பதாகக் காசு முடிந்து வைத்திருப்பதையும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். பிறகு கொண்டுவந்த தூக்குவாளியைத் திறந்தார். டயட்டீஷியனிடம் முன்பே கேட்டு அளவு தெரிந்துகொண்டுதான் கொண்டுவந்திருந்தார். பருப்புச் சாதம், மேலே நெய். நாற்பது நிமிடம் ஆனது. நாங்கள் மூவரும் பேசாமல் இருந்தோம்.